சிக்கனச் சங்கத்து நானூறு குதிரைகள்

குழாய்க்காரர் சங்கத்துக்குக் கட்ட வேண்டிய பாக்கி நாற்பத்தோராயிரத்து முந்நூற்று அறுபத்திரண்டு. வாங்கியது முப்பதாயிரம். வீட்டுக் கூரைக்குத் தகடு மாற்ற வாங்கினார். ஆறு வருஷமாகக் கட்டிக்கொண்டும் இருக்கிறார். கட்டியதையெல்லாம் கூட்டினால் வாங்கியதை விட அதிகமாக வருகிறது. இனிமேல் கட்ட வேண்டியதைப் பார்த்தால் அதுவும் வாங்கியதை விட அதிகமாக இருக்கிறது. இது எப்படி என்று அவருக்குப் புரியவில்லை. அவருக்குப் புரியாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் சங்கத்தில் ஐந்து பேர் சம்பளம் வாங்குகிறார்கள்.

தெருவைத் தோண்டித் தண்ணீர்க் குழாய் பதிப்பது அவர் தொழில். பாதி வயதுக்கு மேல் பள்ளம் வெட்டியே கழித்தவர்தான். ஆனால் கையெழுத்துப் போட்டு விழுந்த பள்ளத்துக்கு மட்டும் அடி தட்டுப்படவில்லை.

சங்கத்தின் முழுப் பெயர் உழைப்பாளர் சிக்கன நாணயச் சங்கம். மூன்று மாடிக் கட்டடம். வாசலில் ‘சிக்கனமே செல்வம்’ என்று பித்தளை எழுத்தில் பதித்திருக்கிறார்கள். அந்த எழுத்தைத் துலக்குவதற்கென்றே மாதச் சம்பளத்தில் ஓர் ஆள் உண்டு. சங்கத்துக்கு எழுபத்தைந்து வயது நிறையப்போகிறது என்றும், விழா நாளுக்குள் பாக்கியை முழுதாகக் கட்டாவிட்டால் அடமானத்தில் இருக்கும் வீட்டுப் பத்திரம் ஏலத்துக்குப் போகும் என்றும் குழாய்க்காரருக்கு ஒரு கடிதம் வந்தது. ‘அன்புடையீர்’ என்று ஆரம்பித்திருந்ததால் நல்ல சேதி என்று நினைத்து, மனைவியையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

தவணை கேட்கலாம் என்று மறுநாள் சங்கத்துக்குப் போனார். காவலாளி அவரைச் செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். வெயில் ஏறி, இறங்கவும் தொடங்கிய பிறகு செயலாளர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“கீழ கடன்காரங்க யாராவது இருக்கீங்களா?”

திட்டுவதற்குத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக் குழாய்க்காரர் கையைத் தூக்கினார். ஒளிந்தால் இன்னும் அதிகமாகத் திட்டுவார்களே.

“நீ வா. மேல ஒரு குழு கூடுது. ஒரு கடன்காரர் குறையுது.”

சங்கத்துச் சட்டத்தில் அப்படி ஒரு விதி இருந்தது. சங்கப் பணத்தைச் செலவழிக்கும் எந்தக் குழுவிலும் கடன் வாங்கிய உறுப்பினர் ஒருவர் இருக்க வேண்டும். சங்கத்தை ஆரம்பித்த நிறுவனர் எழுதிவைத்தது. கடன்காரன் முகத்தைப் பார்த்தால் செலவழிக்கிறவன் கை நடுங்கும் என்று அந்த நல்ல மனிதர் நம்பினார். நடைமுறையில் நடுங்கியதெல்லாம் கடன்காரன் கைதான். அதனால் கையெழுத்து வாங்குவது சுலபமாகப் போயிற்று.

மேலே தலைவர் பேசிக்கொண்டிருந்தார். நல்ல உடம்பு. பேசும்போது நாற்காலியும் சேர்ந்து பேசும்.

“நம்ம நிறுவனர் ஒரே சட்டையில முப்பது வருஷம் இருந்தவர். காகிதத்துல ரெண்டு பக்கமும் எழுதிட்டு, ஓரத்துலயும் எழுதுவார். அப்படிப்பட்ட சிக்கனமான மனுஷனுக்கு நாம செய்யற மரியாதை சிக்கனமா இருந்தா அது அவருக்கு அவமானம் இல்லையா?”

அவமானம்தான் என்று எல்லாரும் தலையாட்டினார்கள்.

தலைவர் மேஜைமேல் ஒரு பழைய போட்டோவை வைத்தார். நிறுவனர் ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் முன்பக்கத்தில் கை வைத்துக்கொண்டு நின்றார். அந்தக் காலத்துக் கார். தாழ்ந்து, நீண்டு, மூக்கு நீட்டிக்கொண்டு, தலைக்கு மேல் கூரை இல்லாமல் இருந்தது. கூரை இல்லாததைக் கண்டதும் குழாய்க்காரருக்குக் கொஞ்சம் ஒட்டுதல் வந்தது.

“நிறுவனரோட கார். எழுபத்தைஞ்சாவது வருஷத்துல அந்தக் கார் நம்ம முன்கூடத்துல நிக்கணும்” என்றார் தலைவர்.

“அவருக்குக் கார் இருந்துச்சாங்க? சைக்கிள்ல போவாருன்னு எங்கப்பா சொல்வாரு” என்று குழாய்க்காரர் தெரியாமல் கேட்டுவிட்டார்.

தலைவர் பொறுமையாகத் திரும்பினார். “கை வெச்சிருக்காரே, தெரியலையா? அடுத்தவன் பொருள் மேல கை வெக்கிற பழக்கம் நம்ம சங்கத்துல யாருக்காவது உண்டா?”

இதற்குக் குழாய்க்காரரிடம் ஒரு பதில் இருந்தது. வீட்டுப் பத்திரத்தை நினைத்து அதை விழுங்கிக்கொண்டார்.

அந்தக் காரின் அசல் உலகத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான் இருக்கிறதாம். ஒன்றை வாங்கும் விலைக்குச் சங்கம் இருக்கும் தெருவையே வாங்கிவிடலாம். அதனால் நகல் வாங்குவது என்று முடிவாயிற்று. அச்சு அசலாகப் பழைய உருவம், உள்ளே புதுச் சாமான்கள். இப்படிச் செய்து விற்கிற பட்டறைகள் இருக்கின்றன. எதை வாங்குவது என்று சொல்ல ஓர் ஆலோசகர் நியமிக்கப்பட்டார். பட்டறையும் அவருடையதுதான். ஆலோசகரையும் விற்பவரையும் தனித்தனியாகத் தேடினால் செலவு இரண்டாகும் என்று செயலாளர் சிக்கனம் பார்த்திருந்தார்.

“ஐயா, என் வீட்டுப் பத்திரம்...” என்று இழுத்தார் குழாய்க்காரர்.

“குழு உறுப்பினர் வீட்டை ஏலம் விட முடியுமாப்பா? அசிங்கமா இருக்காது? குழு கலையற வரைக்கும் ஏலத்தை நிறுத்தி வைப்போம். கலைஞ்சதும் விட்டுக்கலாம்” என்றார் தலைவர், பெரிய மனது பண்ணி.

முதல் வேலையாகக் குழு பட்டறைக்குப் போனது. அங்கே மூன்று கார்கள் நின்றன. மூன்றும் ஒரே அச்சு. ஆலோசகர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே அறிமுகம் செய்துவைத்தார்.

“இது முதல் ரகம். உள்ளயும் பழைய மாதிரியே. கார்புரேட்டர், அந்தக் காலத்து பிரேக். காலையில கெஞ்சினாத்தான் கிளம்பும். ரெண்டாவது நடுத்தரம். மூணாவது பாருங்க, வெளிய தாத்தா, உள்ள பேரன். ஃபைபர் உடம்பு, துருவே பிடிக்காது. இன்ஜின் போன வருஷம் செஞ்சது. டர்போ, ஆறு கியர், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். நானூறு குதிரை சக்தி.”

“எனக்குப் பழமை வேணும். ஆனா பழசு கூடாது” என்றார் தலைவர்.

“அதுக்குத்தாங்க மூணாவது.”

“நானூறு குதிரை கொஞ்சம் அதிகமா தெரியலையா?” என்று செயலாளர் பேச்சுக்குக் கேட்டார்.

தலைவர் சற்று யோசித்தார். “நம்ம சங்கத்துல உறுப்பினர் எத்தனை பேரு? நானூறு. ஆளுக்கு ஒரு குதிரை. ஒருத்தருக்கும் குறை வெச்சதா பேர் வரக் கூடாது.”

தன் பங்குக்கு வரும் குதிரையை விற்றால் எவ்வளவு தேறும் என்று குழாய்க்காரர் மனதுக்குள் கணக்குப் போட்டார். பிறகு சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்தார். தாம்பாளம் மாதிரி இரும்புத் தட்டு பளபளவென்று இருந்தது.

“இதை எங்க ஓட்டுவீங்கய்யா?”

“ஓட்டறதா? நிறுவனர் கை வெச்ச காரை யாராவது ஓட்டுவாங்களா? முன்கூடத்துல சுத்தியும் கயிறு கட்டி நிறுத்தப் போறோம்.”

“அப்ப இவ்வளவு பெரிய பிரேக்கு எதுக்குங்க?”

ஆலோசகர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். “நிக்கறதுக்குத்தானேப்பா பிரேக்கு.”

செயலாளர் அதைக் குறித்துக்கொண்டார்.

உட்கார்ந்து பார்க்க வேண்டிய கட்டம் வந்தது. தலைவர் ஒரு காலை உள்ளே வைத்தார். மற்ற உடம்பு சம்மதிக்கவில்லை. அந்தக் காலத்தில் மனிதர்கள் சிறியவர்களாக இருந்திருக்கிறார்கள் என்று ஆலோசகர் வரலாற்றைக் காரணம் காட்டினார். தலைவருக்குப் பதிலாகக் குழாய்க்காரரை உள்ளே இறக்கி, ‘எப்படி இருக்கு?’ என்று தலைவரே கேட்டார். குனிந்து குழாய் பூட்டுகிற பள்ளம் மாதிரி இருந்தது. ‘நல்லா இருக்குங்க’ என்றார். தலைவருக்கு வசதியாக இருப்பதாக அது பதிவாயிற்று.

அன்று வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். அவர் மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

“குழு கலைஞ்சா ஏலம்னுதானே சொன்னாங்க?”

“ஆமா.”

“அப்ப குழு கலையக் கூடாது.”

“அதுக்கு நான் என்னம்மா பண்ண முடியும்?”

“கேள்வி கேளுங்க. உங்க சித்தப்பா ஒத்தைக் கேள்வி கேட்டு நம்ம கல்யாணத்தையே எட்டு மாசம் தள்ளிப் போட்டாரே. அந்த ரத்தம்தானே உங்க உடம்புலயும் ஓடுது.”

“சித்தப்பா விவரமானவரு.”

“விவரமானவர் எங்க கேள்வி கேட்டாரு? வாய்க்கு வந்ததைக் கேட்டாரு. அதுக்குப் பதில் தேடித்தான் எங்க வீட்டுல எட்டு மாசம் அலைஞ்சாங்க.”

அடுத்த கூட்டத்தில் மூன்றாவது காரையே முடித்துவிடலாம் என்று தலைவர் எழுந்தபோது, குழாய்க்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஐயா, போட்டோ கறுப்பு வெள்ளையா இருக்கு. கார் என்ன நிறம்?”

யாரும் அதை நினைத்திருக்கவில்லை. சிவப்பு என்றார் ஆலோசகர். நிறுவனர் சிவப்பைப் பார்த்தாலே கண்ணை மூடிக்கொள்வார் என்றார் செயலாளர். நிறுவனர் காலத்துப் பெரியவர்கள் வரவழைக்கப்பட்டார்கள். ஒருவர் பச்சை என்றார், ஒருவர் நீலம் என்றார், ஒருவர் தன்னை எதற்கு அழைத்து வந்தார்கள் என்று கேட்டார். நாலைந்து கூட்டம் போன பிறகு தலைவர் தீர்ப்பளித்தார்.

“நம்மகிட்ட இருக்கிற ஒரே ஆதாரம் இந்தப் போட்டோ. போட்டோல சாம்பல். ஆதாரத்தை மீறி நிறம் பூச நமக்கு உரிமை கிடையாது.”

சாம்பல் என்று முடிவாயிற்று. போட்டோவின் இடது மூலையில் யாரோ எப்போதோ டீ சிந்தியிருந்தார்கள். அதுவும் ஆதாரம்தான். ஆகவே இடது விளக்குக்குப் பக்கத்தில் மட்டும் லேசான பழுப்பு, தனிச் செலவில்.

கூட்டம் முடிவதற்குள் குழாய்க்காரர் மறுபடியும் செருமினார். “போட்டோல கார் பாதிதான் விழுந்திருக்கு. பின்பக்கம் எப்படி இருந்துச்சுன்னு...”

அது இரண்டு மாதம் ஓடியது. முன்பாதியை ஆதாரப்படியும் பின்பாதியை நம்பிக்கைப்படியும் செய்வது என்று ஒருமனதாக முடிவு செய்தார்கள். பின்பாதியில் நான்கு சைலன்சர் வைக்கலாம் என்று ஆலோசகர் நம்பினார். நம்பிக்கையில் குறுக்கிட யாருக்கும் மனம் வரவில்லை.

மூன்றாவது கேள்விக்குக் குழாய்க்காரர் போட்டோவை ரொம்ப நேரம் வெறித்துப் பார்க்க வேண்டியிருந்தது. கேட்க எதுவும் மிச்சமில்லை. வீடு போய்விடும் என்ற பயத்தில் கண்ணில் பட்டதைச் சொன்னார்.

“நிறுவனர் கைக்குக் கீழ ஒரு பள்ளம் தெரியுதுங்களே.”

பூதக்கண்ணாடி வந்தது. பானட்டில் உள்ளங்கை அளவுக்கு ஒரு நசுங்கல் இருக்கத்தான் செய்தது. தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“அவரு கை பட்டு அழுந்தின இடம். எவ்வளவு நேரம் நின்னு யோசிச்சிருந்தா இரும்பு அழுந்தியிருக்கும். இந்த நசுங்கல் இல்லாம கார் வேண்டாம்.”

இந்த இடத்தில்தான் ஆலோசகர் தன் தொழில் நேர்மையைக் காட்டினார். ஃபைபர் நசுங்காது, விரிசல்தான் விடும். நசுங்க வேண்டுமானால் பானட்டை மட்டும் அலுமினியத்தில் அடித்துப் போட வேண்டும். பிறகு அதை நசுக்க வேண்டும். சுத்தியால் நசுக்கினால் சுத்தி நசுங்கல் மாதிரி இருக்கும். கையால் அழுந்திய மாதிரி வரவேண்டுமென்றால் அதற்கென்று ஆள் இருக்கிறார், வெளியூரிலிருந்து வரவேண்டும். எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே.

குழாய்க்காரர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். அவர் வீட்டை ஐந்து தடவை மீட்கலாம். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இங்கே நெய் யாருடையது என்பதுதான் அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

“கடன்காரனா இருந்தாலும் உனக்கு நுட்பமான கண்ணுப்பா” என்று தலைவர் அவர் தோளில் தட்டினார். தோளும் சற்று அழுந்தியது.

அதோடு கேள்விகள் தீர்ந்தன. விழா நெருங்கியது. நானூறு குதிரை, சாம்பல் நிறம், பாதி நம்பிக்கை, ஒரு நசுங்கல் என்று கார் முடிவானது. இன்னும் ஒரு கையெழுத்துதான், குழு கலைந்துவிடும். குழாய்க்காரர் பேயறைந்தவர் போல உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் செயலாளருக்கு ஒரு சிக்கல் வந்தது. கணக்கில் கார் வாங்குவதற்குத் தலைப்பே கிடையாது. நிறுவனர் எழுதிய சட்டப்படி சங்கத்திலிருந்து பெரிய தொகை எதுவும் கடனாகத்தான் வெளியே போகலாம். செயலாளர் இரண்டு நாள் தூங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் குழாய்க்காரரைக் கூப்பிட்டுவிட்டார்.

“உன் பேர்ல ஏற்கனவே ஒரு கடன் எண் இருக்கு பாரு. அதுலயே கூடுதல் கடன்னு காரோட விலையை எழுதிக்கறோம். சும்மா காகிதத்துக்கு.”

“சார், இருக்கிற கடனையே கட்ட முடியாமத்தான் நான்...”

“இது உன் கடன் இல்லப்பா. உன் பேர்ல இருக்கிற கடன்.”

“ரெண்டும் ஒண்ணு இல்லையாங்க?”

“உனக்குச் சொன்னாப் புரியாது. ஒண்ணு மட்டும் புரிஞ்சுக்கோ. புதுசா கடன் கொடுத்த ஆளு வீட்டை உடனே ஏலம் விட்டா கணக்கு உதைக்கும். அதனால ஏலம் இப்போதைக்கு இல்லை.”

அந்தக் கடைசி வார்த்தைக்காகக் குழாய்க்காரர் கையெழுத்துப் போட்டார். எண்பத்தேழு லட்சத்துச் சொச்சம். காகிதத்தில் அந்த எண்ணைப் படிக்க அவருக்கு நேரமாயிற்று. வலப்பக்கத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு இலக்கமாக விரலை நகர்த்திக்கொண்டு போனார். விரல் போய்க்கொண்டே இருந்தது.

வீட்டில் அதைச் சொன்னபோது மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

“வெள்ளம் தலைக்கு மேல போனப்புறம் சாண் என்ன, முழம் என்ன. சாப்பிட வாங்க.”

ஆனால் வெள்ளம் வேறு மாதிரி ஓடியது. அடுத்த தடவை சங்கத்துக்குப் போனபோது காவலாளி எழுந்து நின்றார். நிற்பது தனக்குப் பின்னால் வரும் யாருக்கோ என்று நினைத்துக் குழாய்க்காரர் ஒதுங்கி வழிவிட்டார். யாரும் வரவில்லை. உள்ளே நாற்காலி போட்டார்கள். டீ வந்தது. நாற்பத்தோராயிரம் பாக்கி வைத்திருந்தவரை ‘ஏம்பா’ என்றவர்கள், எண்பத்தேழு லட்சம் பாக்கி வைத்ததும் ‘வாங்க’ என்றார்கள். செயலாளர் தானே வந்து, “வீட்டுல எல்லாரும் சௌக்கியங்களா?” என்று கேட்டார். பாக்கியை விசாரிப்பதை விட்டுவிட்டு ஆளை விசாரித்தது அதுதான் முதல் தடவை. குழாய்க்காரர் நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்தார். முழுதாக உட்கார்ந்தால் அதற்கும் வட்டி போடுவார்களோ என்று ஒரு பயம்.

கார் வந்து சேர்ந்தது. வாகனப் பதிவு அலுவலகத்தில் ஒரு கேள்வி கேட்டார்கள். காரில் ஒரே ஒரு பழைய அசல் சாமான் இருந்தாலும் அது தொல்பொருள் ஆகிவிடுமாம். தொல்பொருளுக்குத் தனி அனுமதி, இரண்டு வருஷம் ஆகும். விழாவுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. தலைவர் உடனே கூட்டம் போட்டுத் தன் வாயாலேயே தீர்மானம் சொல்லி எழுதவைத்தார்.

“இதில் அசல் என்று எதுவும் இல்லை என்பதைச் சங்கம் ஒருமனதாக உறுதி செய்கிறது.”

எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். காருக்குக் கணக்கில் இடமில்லாததால் தீர்மானத்தைக் குழாய்க்காரரின் கடன் எண்ணுக்கான காகிதக் கட்டில் வைத்துக் கட்டினார்கள்.

விழா சிறப்பாக நடந்தது. ‘நிறுவனரின் அசல் கார்’ என்று வாசல் முழுக்கத் துணி கட்டியிருந்தார்கள். “பாருங்க, எத்தனை வருஷத்துப் பழசு. இன்னும் புத்தம் புதுசா இருக்கு. சிக்கனமா வாழ்ந்தவர் பொருளுக்கு அழிவே கிடையாது” என்று தலைவர் ஒலிபெருக்கியில் சொன்னார். சனங்கள் வரிசையில் வந்து நசுங்கலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். இரண்டு லட்சம் வீண்போகவில்லை.

நின்றே இருந்தால் இன்ஜின் உறைந்துவிடும் என்று ஆலோசகர் எச்சரித்ததால், வாரத்துக்கு ஒருநாள் காரை வெளியே எடுத்து ஓட்டும் சிரமத்தைத் தலைவரின் மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டார். சிரமம் பார்க்காத பிள்ளை. நாளடைவில் கார் வாரத்துக்கு ஒருநாள் சங்கத்துக்கு வந்து போயிற்று. முன்கூடத்தில் கயிறு மட்டும் சுற்றிலும் நின்றது.

அந்தச் சமயத்தில் கணக்குப் பார்க்கத் தணிக்கைக்காரர் வந்தார். ஒல்லியான மனிதர். சங்கத்து டீயைக் குடிக்க மாட்டேன் என்று சொன்னதிலேயே எல்லாருக்கும் சேதி புரிந்துவிட்டது. பெரிய கடனிலிருந்து ஆரம்பிக்கிறேன் என்று குழாய்க்காரரின் கட்டைப் பிரித்தார். ஆளையும் கூப்பிடச் சொன்னார். குழாய்க்காரர் அந்த மாதத் தவணையைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்து நின்றார். என்ன இருந்தாலும் தன் பாக்கி தன் பாக்கிதானே.

“என்ன தொழில்?”

“குழாய் பதிக்கிறதுங்க.”

“எண்பத்தேழு லட்சம் எதுக்கு வாங்கினீங்க?”

குழாய்க்காரர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் கட்டின் மேலே எழுதியிருந்ததைப் பார்த்தார். “கூரை போட சார்” என்றார்.

“தங்கத்துல போட்டாரா?”

“தகடுங்க” என்றார் குழாய்க்காரர், உண்மையாக.

தணிக்கைக்காரர் தாள்களைப் புரட்டினார். ஒரு தாளில் நின்றார். இரண்டு தடவை படித்தார். மூன்றாம் தடவை சத்தமாகப் படித்தார்.

“‘இதில் அசல் என்று எதுவும் இல்லை என்பதைச் சங்கம் ஒருமனதாக உறுதி செய்கிறது.’ என்னங்க இது? இந்தக் கடன்ல அசலே இல்லைன்னு நீங்களே தீர்மானம் போட்டு வெச்சிருக்கீங்க?”

அது காரைப் பற்றிய தீர்மானம் என்று சொல்லத் தலைவர் வாயைத் திறந்தார். மேஜைக்கு அடியில் செயலாளர் அவர் காலை மிதித்தார். தலைவர் வாய் திறந்தபடி நின்றது.

“வேற எதையாவது பத்தின தீர்மானம் தப்பி இங்க வந்துடுச்சா? இருந்தா சொல்லுங்க. எதைப் பத்தினதுன்னு எழுதிக்கறேன்.”

வேறு எதையோ பற்றியது என்றால் அது எதைப் பற்றியது? கார் என்றால் எந்தக் கார்? யார் பணம்? இப்போது எங்கே நிற்கிறது? கேள்விகள் தலைவர் முகத்தில் ஒவ்வொன்றாக வியர்த்தன. அவர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, குரலைக் கனியவைத்துக்கொண்டார்.

“தப்பி வரலீங்க. மனசறிஞ்சு போட்ட தீர்மானம்தான். இவரு ஏழை உழைப்பாளி. கூரைக்கு வாங்கினாரு. வருஷக்கணக்கா நாயா உழைச்சுக் கட்டிட்டாரு. கட்டினதைக் கூட்டிப் பார்த்தா வாங்கினதுக்கு மேலயே வருது. இன்னும் அவர்கிட்ட அசல் பாக்கின்னு கேட்டா அது அடுக்குமாங்க? இந்த அநியாயம் எங்க சங்கத்துல நடக்கக் கூடாதுன்னுதான் எல்லாருமா சேர்ந்து முடிவு பண்ணினோம்.”

சங்கத்து வரலாற்றிலேயே தலைவர் சொன்ன முதல் உண்மை அது. அதைப் பொய்யாகத்தான் சொன்னார்.

“சரி” என்றார் தணிக்கைக்காரர். “அசல் இல்லைன்னா வட்டியும் இல்லை. அப்ப கடனே இல்லை. முழுசும் தள்ளுபடின்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. எவ்வளவு பெரிய சங்கம், எண்பத்தேழு லட்சம் உங்களுக்கு ஒரு பொருட்டா?”

செயலாளர் பேனாவை எடுத்தார். அவருக்கு மனம் ஆறவில்லை. முப்பது வருஷம் வசூல் பார்த்த கை.

“சார், அந்தப் பழைய பாக்கி நாற்பத்தோராயிரத்துச் சொச்சத்தை மட்டும் தனியா வெச்சுக்கலாமா? அது நிஜமான கடன்.”

தணிக்கைக்காரர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். “அப்ப மிச்சம் எண்பத்தேழு லட்சம் என்ன கடன்?”

செயலாளர் மளமளவென்று எழுத ஆரம்பித்துவிட்டார்.

நடப்பது எதுவும் பிடிபடாமல் நின்ற குழாய்க்காரர், எழுதுவதைப் பார்த்ததும் ரசீது போடுகிறார்கள் என்று நினைத்து, கைக்குட்டையை அவிழ்த்துத் தவணைப் பணத்தை மேஜைமேல் வைத்தார். தலைவரும் செயலாளரும் ஒரே நேரத்தில் பாய்ந்து அதை அவர் பக்கமே தள்ளினார்கள்.

“எடுப்பா. முதல்ல உள்ள வை” என்று செயலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். “இதை வாங்கினா அசல் இருக்குன்னு ஆயிடும்.”

“இந்த மாசம் கட்டலேன்னா அபராதம் வருமேங்க.”

“வராதுப்பா. உன்னைக் கும்பிடறேன். கட்டித் தொலைக்காதே.”

முத்திரை விழுந்தது. அலமாரியைத் திறந்து வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். குழாய்க்காரர் நின்ற இடத்திலேயே அதை விரித்து, தன் பெயர் இருக்கிறதா என்று எழுத்துக் கூட்டினார். இருந்தது. தெருப் பெயரையும் படித்தார். அதுவும் அவர் தெருதான். சட்டைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, மேலேயும் கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

படியிறங்கி வரும்போது செருப்புகளுக்குப் பக்கத்தில் தரைக்குக் கல் பதிக்கிற ஆள் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். காலையிலிருந்து நிற்கிறவர். மேலே நடந்தது அதற்குள் கீழே வந்துவிட்டிருந்தது. அவர் குழாய்க்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணே, உங்களுக்குக் கடன் தள்ளுபடி ஆயிடுச்சாமே. எப்படிண்ணே? என் வீடும் ஏலத்துக்கு வருது. யாரைப் பார்க்கணும், என்ன எழுதிக் கொடுக்கணும், சொல்லுங்கண்ணே.”

“உனக்கு எவ்வளவு பாக்கி?”

“பதினெட்டாயிரம்ணே.”

குழாய்க்காரர் அந்த முகத்தைப் பார்த்தார். சொல்லவும் மனம் வரவில்லை, சொல்லாமல் போகவும் மனம் வரவில்லை.

“பத்தாதேப்பா” என்றார்.